கஷ்கொட்டை மரத்தடி இருமல்

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஸ்தாமோ அண்ணனும் கீனா அக்காவும் இருந்தார்கள். பிரெஸ்லாவ் மலையடிவாரத்திலிருக்கும் இந்த ஊருக்கு நான் மருமகளாக வந்தபோது அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வண்டிக்காரர். விறகு, திராட்சை, கல்யாணப் பெண்ணின் துணிப்பெட்டி, எதுவானாலும் அவர் வண்டியில்தான் போகும். வண்டியை இழுப்பவள் சிவ்கா என்ற சாம்பல் நிறக் குதிரை. அவர்களுடைய ஒரே மகளை வார்னா நகரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர், சிவ்கா, ஷாரோ என்ற நாய், அவ்வளவுதான்.

தோட்டத்தில் கிணற்றுக்கு அப்பால் ஒரு குதிரைக் கஷ்கொட்டை மரம். கல்யாணமான வருஷம் மலைப்பள்ளத்தில் காடாக வளர்ந்து கிடக்கும் மரங்களுக்கடியில் அண்ணன் பொறுக்கிவந்த கொட்டைகளை அக்கா அன்றைக்கே மண்ணில் புதைத்தாளாம். காய்ந்துவிட்டால் அந்தக் கொட்டை முளைக்காது. போட்டதில் ஒன்றுதான் பிழைத்தது. அது பூக்கவே ரொம்ப வருஷம் ஆயிற்று. நான் வந்தபோது கூரைக்கு மேல் போயிருந்தது. மே மாதத்தில் கிளைக்குக் கிளை வெள்ளைப் பூங்கொத்து மெழுகுவர்த்தி ஏற்றிவைத்ததுபோல நிமிர்ந்து நிற்கும். அதன் நிழலில் வெங்காயம்கூட வராது. இலை முழுவதும் எங்கள் பக்கம் உதிர்கிறது என்று என் மாமியார் யோர்தா இலையுதிர்காலம் பூராவும் திட்டிக்கொண்டிருப்பாள். திட்டிவிட்டு மறுநாளே கால் வலிக்கு மருந்து கேட்டுப் போவாள்.

மருந்து அந்த மரத்திலிருந்துதான். மே மாதப் பூவை உருவி ஜாடியில் போட்டு, ராக்கியாச் சாராயத்தை ஊற்றி, ஜன்னலோரம் வெயிலில் வைத்து வடித்து எடுப்பாள் அக்கா. புகையிலைக் கொட்டகையில் நாளெல்லாம் நின்று நரம்பு புடைத்துப்போன எங்கள் கால்களுக்கு ராத்திரியில் தேய்க்க அதுதான். குளிர்காலத்தில் ஆண்கள் மூட்டுவலிக்கு ஒரு கொட்டையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார்கள்.

கொட்டை மருந்து மட்டும் சிவ்காவுக்கு. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர் தொடங்கினால் வறண்ட இருமல் இரண்டு, அப்புறம் ஒரு நீளமான பெருமூச்சு. அக்கா கொட்டையின் தோலை உரித்துச் சீவி, அடுப்பு மேட்டில் காயவைத்து இடித்துத் தகர டப்பாவில் வைத்திருப்பாள். தவிட்டில் ஒரு சின்னக் கைப்பிடி. அதற்கு மேல் போகமாட்டாள்.

"இது விஷமும்தான், பொண்ணே. கொஞ்சம் கூடிப்போச்சுன்னா குதிரை நடுங்க ஆரம்பிச்சிடும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அரசாங்கம் கூட்டுப்பண்ணை கொண்டுவந்த வருஷம் ஊரில் எல்லோருடைய நிலமும் கால்நடையும் பண்ணைக்குப் போயின. ஸ்தாமோ அண்ணன் எல்லோருக்கும் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். சிவ்காவைத் தானே நடத்திக்கொண்டுபோய் ஊர்க்கோடியிலிருந்த பண்ணை லாயத்தில் கட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் ஆனதும் அவள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வாசல் கதவை மூக்கால் முட்டினாள். அண்ணன் திரும்பவும் அவளை நடத்திக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். கடைசியில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள்.

லாயத்தில் அவளுக்கு மருந்து தவிடு கொடுக்க யாருமில்லை. அண்ணன் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனார். மேற்பார்வையாளன் மாரின் அவரை வாசலிலேயே மறித்துவிட்டான். மாரின் இந்த ஊர்ப் பையன்தான், என் புருஷனோடு படித்தவன்.

"ஸ்தாமோ அண்ணே, பையில என்ன?"

"கஷ்கொட்டைப் பொடி. அவளுக்கு இருமலுக்கு."

"அதை நீ எப்படிக் குடுப்பே? இது இப்போ உன் குதிரை இல்ல, பண்ணைக் குதிரை. நாளைக்கு வேற ஏதாவது செத்துச்சுன்னா, ஸ்தாமோ விஷம் வச்சான்னு மேல எழுதிப் போடுவாங்க. உன்னைக் கொண்டுபோனா திரும்பி வருவியா? போ அண்ணே, வீட்டுக்குப் போ."

அண்ணன் இதை வந்து அக்காவிடம் சொன்னார். அப்போதெல்லாம் இப்படிக் கொண்டுபோகப்பட்ட சிலர் திரும்பி வராதது எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி அக்கா சாப்பாட்டு மேசையில் ரொட்டியையும் உப்பையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது மேல கை வச்சுச் சொல்லு. இனிமே லாயத்துப் பக்கம் போகமாட்டேன்னு."

"கீனா, அவ ராத்திரி பூரா இருமுறா. இங்கேயிருந்தே கேக்குது எனக்கு."

"எனக்கும்தான் கேக்குது. சொல்லுய்யா."

அவர் ரொட்டிமேல் கைவைத்துச் சொன்னார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் பண்ணைக்கு டிராக்டர்கள் வந்தன. குதிரைகள் அதிகம், வேலைக்கு ஆகாததை நகரத்துக்கு இறைச்சிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கிழடு, நொண்டி, இருமுகிறது எல்லாம் போய்விடும் என்றார்கள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு வந்து தோட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததில் நான் பார்க்காததை அக்கா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து, என் முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது.

புருஷன் அப்படி உட்கார்ந்திருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. சத்தியம் வாங்கியது அவள். அவரைப் போ என்று சொல்ல முடியாது. அதனால் தானே போனாள். சாயங்காலம் பண்ணைப் பசுக்களுக்குப் பால் கறப்பது அவள் முறை. மாட்டுக்கொட்டிலுக்கும் லாயத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். டப்பாவிலிருந்து ஒரு சின்னக் கைப்பிடி பொடியை முந்தித் துணியில் முடிந்துகொண்டு போய், தவிட்டில் கலந்து பலகை இடுக்கு வழியாக நீட்டுவாள். சிவ்கா அவள் கையை நக்கி முடித்த பிறகுதான் பால் வாளியைத் தூக்குவாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் பயப்படுவார், இல்லாவிட்டால் தானும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தாள்.

கொஞ்ச நாளில் சிவ்காவின் இருமல் குறைந்தது. வயல் பாதையில் அவள் தண்ணீர்ப் பீப்பாய் வண்டியை இழுத்துப் போனதை நானே பார்த்தேன். காதை நிமிர்த்திக்கொண்டு போனாள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அண்ணன் முகமும் தெளிந்துவிட்டது. பீன்ஸ் சூப்பை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். சிரித்தார்.

"இன்னைக்கு என்னய்யா, வாயெல்லாம் பல்லு?"

"நீ மட்டும் என்ன, பாட்டுப் பாடிக்கிட்டே மாவு பிசையறே?"

ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களே தவிர இருவரும் காரணம் கேட்கவில்லை. அந்த நாட்களை நினைக்கத்தான் தனக்குப் பயமாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள்.

பண்ணைத் தலைவர் வந்து பார்த்து, இந்தக் குதிரை இன்னொரு குளிர்காலம் தண்ணீர் வண்டி இழுக்கும், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் முழுக்க அது தெரிந்தது. அதற்கு மறுநாள் காலையில் சிவ்கா லாயத்தில் நின்றபடியே நடுங்கினாள். பின்னங்கால் இரண்டும் தள்ளாடின. தோல் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கியது. மத்தியானம் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். வயசு, நுரையீரல் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அண்ணன் வயலிலிருந்து ஓடிவந்தபோது அவளை ஏற்கனவே தார்ப்பாயால் மூடியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தாள். அளவு தப்பவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் கைப்பிடிதான். பிறகு ஏன் நடுங்கினாள்? என் கை தப்பியிருக்கும், ஒருநாள் கைப்பிடி பெரிதாகிப் போயிருக்கும், நான்தான் கொன்றேன். இந்த எண்ணம் அவளை விடவில்லை. அண்ணன் அந்த ராத்திரி வண்டிக்கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் துக்கத்தில் இருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

மரத்திலிருந்து கொட்டை உதிரும் காலம் அது. ஒருநாள் இருட்டப்போகிற நேரத்தில் அக்கா மரத்தடியில் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் வறண்ட இருமல் இரண்டு கேட்டது. அப்புறம் நீளமான ஒரு பெருமூச்சு. கழுத்தில் வெதுவெதுவென்று காற்று பட்டதாம். திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஷாரோ மட்டும் ஓடிவந்து வெறும் இடத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது.

அவள் முந்தியைக் கொட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். புருஷனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு பெரும்பாலான சாயங்காலங்களில் அது கேட்டது. சரியாக லாயத்தில் தவிடு வைக்கும் வேளைக்கு. சில காலைகளில் மரத்தடியில் புல் அமுங்கிக் கிடந்தது. அக்கா சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தாள். அப்புறம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காதபடி, பக்கத்து ஊர்ப் பாதிரியாரிடம் போனாள்.

"சாமி, செத்தவங்களுக்கு ஒரு ஜெபம் சொல்லணும்."

"பேரு?"

"சிவ்கா."

"ஞானஸ்நானப் பேரைச் சொல்லும்மா."

"அது... குதிரைங்க சாமி."

"குதிரைக்கு ஜெபம் கிடையாதும்மா. அதுக்குப் பாவமே கிடையாதே. பாவம் இருக்கிறவங்க யாரு, அவங்க பேரைச் சொல்லு."

அக்கா பேரைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அந்தச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. நான் முதலில் ஸ்தாமோ அண்ணன்தான் இருமுகிறார் என்று நினைத்தேன். வண்டியோட்டியவர்கள் பலர் அப்படி இருமுவார்கள். என் மாமியாருக்குத்தான் காது கூர்மை.

"மனுஷன் இருமலா இது? குதிரைடி. ஸ்தாமோ திருட்டுத்தனமா ஒரு குதிரை வாங்கி மறைச்சு வச்சிருக்கான்."

"எங்கே அத்தே மறைக்கிறது? தோட்டம் பூரா தெரியுதே."

"அப்போ செத்தது திரும்பி வந்திருக்கு. மாரின்கிட்ட சொல்லாதே, பேயையும் பண்ணையில சேத்துடுவான்!" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். சிரித்து முடித்ததும் சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.

நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மாடு ஓட்டிவருபவர்களுக்கும் தெருவில் அது கேட்டது. ஸ்தாமோ வீட்டில் கணக்கில் இல்லாத குதிரை இருக்கிறது என்று மாரின் காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் அந்தி நேரத்தில் அவன் லாந்தர் விளக்கோடு வந்து கதவைத் தட்டினான். நான் வேலியோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணே, தப்பா நினைக்காதே. மேலயிருந்து கேக்கிறதுக்கு முன்னால நானே பாத்துட்டுப் போயிடறேன். குதிரை எங்கே?"

"என்ன குதிரை?"

"ஊர் பூரா சொல்லுது. சொந்தமா குதிரை வச்சுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்."

"தேடிக்கோ. இருந்தா எனக்கும் காட்டு."

மாரின் மரத்தைக் கடந்து வண்டிக்கொட்டகைப் பக்கம் நடந்தான். அப்போது இருமல் கேட்டது. இரண்டு இருமல், ஒரு பெருமூச்சு. அவன் திரும்பினான். மரத்தடிக்கு வந்து வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தான். தரை, உதிர்ந்த இலை, பிளந்த கொட்டைத் தோல். அவ்வளவுதான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். அவன் நின்ற இடத்துக்குக் கையெட்டும் தூரத்திலேயே மறுபடியும் இருமல் கேட்டது.

"அண்ணே," என்றான் குரல் இறங்கி, "உங்களுக்குக் கேட்டுச்சா?"

அண்ணனும் அக்காவும் ஒரே நேரத்தில் "கேட்டுச்சு" என்றார்கள். பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் கேட்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். அவருக்கு மட்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

மாரின் வந்த வேலையை முடிக்காமல் போக முடியாதவன்போல வண்டிக்கொட்டகைக்குள் நுழைந்தான். பயத்தை மறைக்கத்தான் அப்படிச் செய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காலியான தீவனத்தொட்டி, பழைய சேணம். மூலையில் ஒரு கல்லுரல், பக்கத்தில் சின்னச் சாக்கு. அவன் சாக்கை அவிழ்த்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினான்.

"கசப்பு. இது என்ன, கஷ்கொட்டைப் பொடியா?"

"ஆமா" என்றார் அண்ணன்.

அக்கா அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்து இடிப்பது வீட்டுக்குள், அவள் கையால் மட்டும்தான். இந்தக் கல்லுரலில் அவள் எதையும் இடித்ததில்லை.

"இது எப்ப இடிச்சது?" என்றாள்.

மாரின் இரண்டு பேரையும் பார்த்தான். என்ன புரிந்ததோ, சாக்கின் வாயைத் திரும்பக் கட்டி இருந்த இடத்திலேயே வைத்தான். "குதிரை எதுவும் இல்லன்னு சொல்லிடறேன்" என்று முணுமுணுத்துவிட்டுத் தெருவில் இறங்கி வேகமாகப் போனான்.

கொட்டகை வாசலிலேயே அவர்கள் பேசினார்கள். நான் துணியோடு உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"நீ சத்தியம் பண்ணியேய்யா."

"பண்ணினேன். விடியக்காலம் வயலுக்குப் போற வழியில லாயத்து ஜன்னல்கிட்ட ஒரு நிமிஷம் நிப்பேன். ஒரு சின்னக் கைப்பிடிதான், கீனா. நீ போடறதை இத்தனை வருஷம் பாத்திருக்கேனே, அதே அளவு. உனக்குத் தெரிஞ்சா நீ பயப்படுவியேன்னு தனியா இடிச்சேன். ஆனா என் கை பெருசு. எங்கேயோ கூட்டிப் போட்டுட்டேன். நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

அக்கா பக்கத்தில் கிடந்த வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூட்டிப் போடல. சாயங்காலம் நான் குடுத்தேன்."

"என்ன?"

"தினமும். பால் கறக்கப் போகும்போது. நீ காலையில, நான் சாயங்காலம்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இருட்டில் இரண்டு உருவங்கள் நின்றது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா உள்ளே போய்க் கோடரியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"வெட்டிடு அந்த மரத்தை."

அண்ணன் கோடரியோடு மரத்தடிக்குப் போனார். அடிமரத்தில் கையை வைத்தார். ஓங்கவில்லை.

"வெட்டிட்டா அவ எங்கே வந்து நிப்பா?" என்றார்.

அக்கா அப்போதுதான் அழுதாள். சிவ்கா செத்த நாளிலிருந்து அவள் அழுததை நான் பார்த்ததில்லை.

அதோடு இருமல் நின்றுவிடவில்லை. மறுநாள் சாயங்காலமும் கேட்டது. அண்ணன் ஒரு வாளியில் வெறும் தவிடு, பொடி கலக்காத தவிடு, கொண்டுபோய் மரத்தடியில் வைத்தார். அக்கா இன்னொரு வாளியில் தண்ணீர் வைத்தாள். காலையில் தவிடு சில நாள் காலியாக இருக்கும், சில நாள் அப்படியே இருக்கும். முள்ளெலி தின்றது என்று என் புருஷன் சொன்னான். இருக்கலாம். முள்ளெலி இருமாது என்று என் மாமியார் சொன்னாள்.

அக்கா மே மாதப் பூவை மட்டும் பறிப்பதை நிறுத்தவில்லை. எங்கள் கால்களுக்கு மருந்து கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கொட்டையை அவள் தொடவேயில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஈரமண்ணில் கிடந்த கொட்டைகள் வசந்தத்தில் முளைத்தன. முதலில் கிணற்றைச் சுற்றி, அடுத்த வருஷம் மிளகாய்ப் பாத்தியில், அப்புறம் வாசல்படி வரைக்கும். கன்றுகளைப் பிடுங்க இருவருக்கும் மனசு வரவில்லை. எந்தக் கன்றடியில் சிவ்கா வந்து நிற்பாளோ யாருக்குத் தெரியும் என்பார் அண்ணன். காய்கறித் தோட்டம் போயிற்று. வருஷங்கள் போகப்போக வீட்டைச் சுற்றிப் பச்சை இருட்டு கட்டிக்கொண்டது. மத்தியானத்திலும் சமையலறையில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. மாரின் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு குளிர்காலத்துக்கு முன்னால் வந்து அவர்களுக்கு விறகு பிளந்து அடுக்கிக் கொடுப்பான். வேலை முடிந்ததும் அந்திக்கு முன்னால் போய்விடுவான்.

அக்கா முதலில் போனாள். அண்ணன் அதற்கு அடுத்த வசந்தத்தில். மகள் வார்னாவிலிருந்து வந்து சாவியை என்னிடம் கொடுத்து, யாராவது வாங்க வந்தால் காட்டச் சொன்னாள்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நகரத்திலிருந்து வந்தார்கள். பஸ் தாமதமாகி, வந்து சேரும்போதே வெயில் இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு மரங்கள் பிடித்துப்போயின. எவ்வளவு பெரிய நிழல், மேசை போட்டு உட்காரலாம் என்று சொல்லிக்கொண்டே மரங்களுக்கு நடுவில் நடந்தாள். அவள் புருஷன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கதவுக்கு வெளியே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். முகத்தில் பயமில்லை, இரக்கம்தான் இருந்தது.

"பக்கத்துல யாராவது குதிரை வச்சிருக்காங்களா அத்தே? பாவம், அதுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. யாரும் மருந்து குடுக்கிறதில்லையா?"

அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, அவள் புருஷனையும் கூப்பிட்டு, கதவைப் பூட்டினேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன்.